வால்வு வராத புதன்கிழமை

சேசு மரி சூசை

ஆவூர்,
9.3.2026

அன்பு மகன் பால்ராஜுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். பம்பாயில் நீயும் ஷர்லியும் பாப்பாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பெரியநாயகி மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இந்த மூன்று வாரமாகக் கோபத்தோடுதான் கேட்கிறேன், ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. பாப்பாவுக்கு இருமல் விடவில்லை என்று ஷர்லி சொன்னாள். ஏசிக் காற்று நேராக முகத்தில் படும்படி படுக்க வைக்காதீர்கள். அம்மா தூதுவளைப் பொடி இடித்துப் பார்சல் போட்டிருக்கிறாள், தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்கிறாள். சிவப்பு மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. தோட்டத்து மோட்டார் மறுபடியும் எரிந்துபோய் விராலிமலையில் காயில் கட்டக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு இடது முழங்கால் பரவாயில்லை, வலது முழங்கால் இப்போது அதன் முறைக்கு வலிக்கிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். முப்பத்தோரு வருடம் ஓடுகிற பஸ்ஸில் கத்திப் பேசிப் பழகிய வாய் எனக்கு, ஆனால் போனில் உன்னிடம் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச முடிவதில்லை, நீ மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே யாரும் வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி. ஷர்லியையும் படிக்கச் சொல்.

நம் மாட்டுக்குப் புல் அறுத்துப் போடுகிற பொன்னுத்தாயை உனக்கு நன்றாகத் தெரியும். அவள் மகள் வனிதாவுக்கு இருபத்து நான்கு வயது, போன வருடம் மணப்பாறைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். தை மாதம் நாலு மாதக் கருவோடு தண்ணீர்க் குடத்தைத் தூக்கியவள் மூச்சு வாங்கி அப்படியே விழுந்துவிட்டாள். கரு நிற்கவில்லை. பிறந்த வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள், உதடெல்லாம் நீலம், இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடியும் என்ற நிலை. சின்ன வயதில் தொண்டைப்புண்ணும் மூட்டு வீக்கமும் வந்து கவனிக்காமல் விட்டதில் இதயத்து வால்வு ஒன்று சுருங்கிப் போயிருக்கிறது, அதை எடுத்துவிட்டு வேறு வால்வு வைத்தால்தான் பிழைப்பாள் என்று சொன்னார்கள். காப்பீட்டு அட்டையைக் காட்டலாம் என்றால், கல்யாணத்துக்குப் பிறகு பொன்னுத்தாயின் ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்தவர்கள் மாப்பிள்ளை வீட்டுக் கார்டில் இன்னும் சேர்க்கவில்லை. ஆகவே அந்தப் பெண் இந்த நாட்டில் எந்த வீட்டிலும் இல்லை. நான்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன், பெயர் வேண்டாம். அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் லேப்டாப் வைத்திருந்த ஒரு சின்னப் பெண் எங்களை உட்கார வைத்து மூன்று விதமான பேக்கேஜ் இருப்பதாகச் சொன்னாள். பிறகு பொன்னுத்தாயைப் பார்த்து, "ஒங்க பட்ஜெட் எவ்வளவுங்கம்மா?" என்று கேட்டாள். ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்பார்களே, அதே குரல். பொன்னுத்தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளே, "எம்புள்ள பொழைக்கணும் தாயி, அதான் எங்க பட்ஜெட்டு" என்றாள். அந்தப் பெண் அதை ஏதோ ஒரு கட்டத்துக்குள் தட்டிக்கொண்டாள். வால்வு மட்டும் தனியாக என்ன விலை என்று நான் கேட்டேன். அதெல்லாம் பேக்கேஜுக்குள் வந்துவிடும் சார், தனியாகச் சொல்ல மாட்டோம் என்றாள். மூன்றில் குறைந்ததற்கே பொன்னுத்தாய் இருக்கிற குடிசையையும் நிலத்தையும் விற்றாலும் காணாது.

கீரனூர்ப் பக்கம் பழைய நூல் மில்லில் ஒரு டாக்டரம்மா இருப்பதாக நம் ஊர் நர்ஸ்தான் சொன்னாள். டாக்டர் சுடர்விழி. உனக்கு அவர்களை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, அது எனக்கு அப்போது தெரியாது. மில்லின் உள்ளே சுண்ணாம்பு அடித்துக் கட்டில் போட்டிருக்கிறார்கள், வார்டில் ஏசி கிடையாது, ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும்தான். நர்ஸ்கள் எல்லாம் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள், இரண்டு வருடம் அந்த அம்மாவே சொல்லிக்கொடுத்து ஆளாக்கியவர்கள். நோயாளியோடு வருகிறவர்களுக்குக் கை கழுவுவதிலிருந்து மாத்திரை கொடுப்பது, நாடி எண்ணுவது வரைக்கும் பாடம் நடத்துகிறார்கள், என்னையும் உட்கார வைத்தார்கள். வாசலில் ஒரு பெரிய போர்டு. எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு, அதில் வால்வு அவர்கள் வாங்குகிற விலை எவ்வளவு, நூல் எவ்வளவு, மருந்து எவ்வளவு, எல்லாம் தமிழில் எழுதி வைத்திருக்கிறது. கொடுக்கிற ரசீதிலும் அப்படியே அச்சடித்து வருகிறது. டவுனில் எங்களிடம் சொல்ல மறுத்தார்களே, அந்த வால்வின் விலையை நான் என் வாழ்க்கையில் முதன்முதலாக அந்தப் போர்டில்தான் படித்தேன். படித்துவிட்டு டவுனில் கேட்ட தொகையை நினைத்துப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஒரு கல்லை எடுத்து யார் மேலாவது எறிந்திருப்பேன், யார் மேல் எறிவது என்றுதான் தெரியவில்லை.

அந்த அம்மா சாந்த சொரூபி என்று நினைத்துக்கொள்ளாதே. ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள், ஆவுடையார்கோவில் பக்கத்துப் பேச்சு. சேர்த்த ஐந்தாம் நாள் பொன்னுத்தாய், மகள் கேட்டாள் என்று கருவாடு வறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வார்டே கேட்கும்படி, "ஒம்மக ஒடம்புல ஊறுற தண்ணிய எறக்க நான் நாலு நாளா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், நீ உப்பை அள்ளிக் கொட்டுறியா? அடுத்த தடவ இங்கிட்டு கருவாட்டு வாடை வந்துச்சு, ஒன்னையத்தான் கட்டில்ல படுக்க வைப்பேன்" என்று ஒரு பிடி பிடித்தார்கள். மத்தியானம் அதே பொன்னுத்தாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டார்கள். ஏழு சின்ன ஆஸ்பத்திரிகள் ஒன்றாகச் சேர்ந்து கம்பெனியிடம் நேரடியாக வால்வு வாங்குகிறார்கள் என்றும், அதனால்தான் இந்த விலைக்கு முடிகிறது என்றும் அங்கே ஒரு நர்ஸ் எனக்குச் சொன்னாள். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மூன்று பேருக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். வனிதா ஒருத்தி, அறந்தாங்கி டீச்சரம்மா ஒருவர், மூன்றாவது ஆவுடையார்கோவில் பக்கத்துச் செல்லமுத்து. இந்தச் செல்லமுத்துவைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்று வயது, ஆடு வளர்ப்பவர், பத்தடி நடந்தால் நிற்க வேண்டிய நிலையிலும் வார்டு முழுக்கச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் கண்டக்டராக இருந்தவன் என்று தெரிந்ததும், என்றைக்கோ சில்லறை பாக்கி வைத்த கண்டக்டருக்குப் பதிலாக என்னிடம் இரண்டு ரூபாய் கேட்டு மிரட்டினார். அவர் மனைவி பொற்கொடி சத்தமே இல்லாத பெண், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தது. புதன்கிழமை சாம்பல் புதன். நான் காலைப் பூசை முடித்து நெற்றியில் சாம்பலோடு டவுன் பஸ் பிடித்து மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. வால்வுப் பெட்டி வரவில்லை என்றார்கள். சிறிது நேரத்தில் டாக்டரம்மா கையில் ஒரு தாளோடு வந்து எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். "இதுல நான் மறைக்க ஒண்ணுமில்ல. கம்பெனி சரக்க நிறுத்திருச்சு. என்ன காரணம்னு அவுகளே எழுதியிருக்காக. படிச்சுப் பாருங்க" என்று தாளை நீட்டினார்கள். அது இங்கிலீஷில் இருந்தது. பொன்னுத்தாய் அதை வாங்கி என் கையில் கொடுத்து, "கண்டக்டரண்ணே, நீங்க படிச்சுத் தமிழ்ல சொல்லுங்கண்ணே" என்றாள்.

நான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். நீ எழுதியதையே உனக்கு எழுதுகிறேன், ஒரு தடவை தமிழில் கேள். எங்கள் விற்பனை விலையை நோயாளிகளின் ரசீதில் அச்சிடுவதும் சுவரில் எழுதி வைப்பதும் எங்களுடைய மற்ற வாடிக்கையாளர்களோடு உள்ள வணிக உறவைப் பாதிக்கிறது. இனி அவ்வாறு விலையை வெளியிடமாட்டோம் என்று நீங்கள் எழுத்து மூலம் உறுதி தரும்வரை சலுகை விலையும் சரக்கும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. உங்கள் புரிதலுக்கு நன்றி. இதுவரைக்கும் படித்துவிட்டுக் கண்ணைக் கீழே இறக்கினேன். தென் மண்டல விற்பனைத் தலைவர், பால்ராஜ் இருதயநாதன். கையெழுத்து உன்னுடையதுதான், எனக்குத் தெரியாதா. ஊரில் எல்லோரும் உன்னை இ. பால்ராஜ் என்றுதான் சொல்வோம், கம்பெனியில் என் பெயரை முழுதாக நீட்டிப் போட்டிருக்கிறார்கள். இருதயத்தில் வைக்கிற வால்வைத் தர மாட்டேன் என்கிற கடிதத்தில் என் பெயர் கடைசிச் சொல்லாக அச்சாகி இருந்தது. பொன்னுத்தாய், "கீழ பேரு போட்ருக்கே, யாருண்ணே அது?" என்று கேட்டாள். நான், "யாரோ கம்பெனிக்காரன்" என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்துவிட்டேன். பால்ராஜ், நான் டிக்கெட் கொடுத்த காலத்தில் ஒரு பைசா பொய்க்கணக்கு எழுதியதில்லை. அன்றைக்கு நெற்றியில் சாம்பலை வைத்துக்கொண்டு, சாகக் கிடக்கிற பெண்ணின் தாயிடம் பொய் சொன்னேன். உனக்காகச் சொன்னேன்.

எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன தாயி, போர்டை அழித்துவிட்டால் போகிறது என்று அங்கேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், என் மனதிலும் அதுதான் இருந்தது. டாக்டரம்மா கோபப்படாமல் பதில் சொன்னார்கள். "எழுதிக் குடுத்தா நாளைக்கே பெட்டி வந்துரும்ங்க. எனக்கும் அது தெரியும். ஆனா அடுத்த வருசம் வெலைய ரெண்டு மடங்கு ஏத்துனா நான் யாருகிட்டயும் சொல்ல முடியாது. ஒங்களுக்கும் தெரியாது. ஆளுக்கொரு வெலை சொல்றதுக்குத்தான் அத மறைக்கச் சொல்றாக." உனக்கு இது புரியும். எனக்கு அந்த இடத்திலேயே புரிந்தது, டவுன் ஆஸ்பத்திரியின் லேப்டாப் பெண் என் கண்முன்னால் வந்து நின்றாள்.

பிறகு அந்த அம்மா மற்ற ஆறு ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டார்கள். எல்லோருக்கும் சரக்கை நிறுத்தியிருந்தாய். நாகர்கோவிலுக்கு இந்தப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மட்டும் பழைய இருப்பில் கொஞ்சம் இருந்தது. வனிதாவுக்கும் டீச்சரம்மாவுக்கும் வேண்டிய அளவு கிடைத்தது, செல்லமுத்துவுக்கு வேண்டிய அளவு அங்கே இல்லை. செருப்புக்கு இருக்கிற மாதிரி இதற்கும் அளவு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இதைக் கேட்டுவிட்டுச் செல்லமுத்து, "நமக்குக் கொஞ்சம் பெரிய மனசு டாக்டரம்மா, அதான் சைசு கெடைக்கல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், பொற்கொடி மட்டும் சிரிக்கவில்லை. கூரியரில் வந்தால் சனிக்கிழமை ஆகிவிடும், வனிதாவின் நுரையீரலில் நீர் ஏறிக்கொண்டிருக்கிறது, ஆம்புலன்ஸ் டிரைவர் வேறு ஒரு நோயாளியோடு போயிருக்கிறார் என்றார்கள். நான் போகிறேன் என்றேன். உங்களுக்கு வயது எத்தனை என்று டாக்டரம்மா கேட்டார்கள். அறுபத்தெட்டு, அதில் பாதி பஸ்ஸில்தான் என்று சொன்னேன்.

வியாழன் விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பி மதுரை போய், அங்கிருந்து பஸ் மாறி, மத்தியானம் ஒரு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தேன். டாக்டரம்மா கொடுத்த கடிதத்தையும் என் ஆதார் கார்டையும் பார்த்துவிட்டு ஒரு சிஸ்டர் இரண்டு பெட்டிகளைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். சோப்பு டப்பாவை விடக் கொஞ்சம் பெரிசு. திரும்பி வரும்போது அதை மடியை விட்டு இறக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடிச் சாமானா என்று கேட்டார். பெட்டியின் மேல் உன் கம்பெனிப் பெயர் இருந்தது. நம் வீட்டில் மாட்டியிருக்கிற காலண்டரில் இருக்கிற அதே சிவப்பு எழுத்து. உன் அம்மா அந்தக் காலண்டரைக் காட்டித்தான் வருகிறவர்கள் எல்லோரிடமும், என் மகன் உயிர் காப்பாற்றுகிற சாமான் விற்கிறான் என்று சொல்வாள். வழியெல்லாம் நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன், வாய்க்குள்தான்.

வெள்ளிக்கிழமை காலை வனிதாவை உள்ளே கொண்டுபோனார்கள், நாலரை மணி நேரம். பொன்னுத்தாய் மாரியம்மனையும் நம் மாதாவையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியை இறக்கி, "ஓடுதுங்க, நல்லா ஓடுது" என்று மட்டும் சொன்னார்கள். பொன்னுத்தாய் காலில் விழப் போனதும் பின்னால் நகர்ந்து, "கருவாடு ஞாபகம் இருக்குல்ல" என்றார்கள். டீச்சரம்மாவுக்கும் அன்றைக்கே நல்லபடியாக முடிந்தது. செல்லமுத்துவுக்கு மாத்திரை கொடுத்து, வேறு கம்பெனி வால்வுக்குச் சொல்லியிருக்கிறது, மார்ச் ஆறாம் தேதி வந்துவிடும், அதுவரை வீட்டில் இருங்கள், ஆட்டின் பின்னால் ஓடாதீர்கள் என்று அனுப்பி வைத்தார்கள். அன்று சாயங்காலம் டாக்டரம்மா தனியாக டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், அந்தக் கடிதத்தில் இருந்தது என் மகன் பெயர் என்று சொன்னேன். அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்ங்க ஐயா. ரிஜிஸ்டர்ல ஒங்க பேரப் பாத்தப்பவே நெனச்சேன்" என்றார்கள். பிறகு சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒங்க மகன்தான் இங்க வந்து இந்த வெலைய முடிச்சுக் குடுத்தாரு. வாசல்ல போர்டைப் பாத்துட்டு, எங்கப்பா கண்டக்டரு மேடம், மிராசுக்கும் ஒரே டிக்கெட்டு, கூலிக்காரனுக்கும் ஒரே டிக்கெட்டும்பாரு, இதப் பாத்தா சந்தோசப்படுவாருன்னு சொன்னாரு. நல்ல புள்ளைங்க. மேல இருந்து நெருக்குறாக போல."

நீ தெரியாமல் செய்தவன் என்றால் நான் உனக்குப் புத்தி சொல்லியிருப்பேன். நீ தெரிந்தவன். அந்தப் போர்டின் முன்னால் நின்று என்னை நினைத்தவன். அதே கையால் இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை நீ போன் போட்டபோது இதைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. "அப்பா, அது கம்பெனி பாலிசி. பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க. நான் கையெழுத்துப் போடலேன்னா இன்னொருத்தன் போடுவான். ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது." சரி, இன்னொருவனே போடட்டும். அவன் அப்பன் பெயர் அதில் வரட்டும். எங்கள் டிப்போவிலும் இதே பேச்சைப் பேசினவர்கள் உண்டு. நான் எடுக்காவிட்டால் இன்னொருத்தன் எடுக்கப் போகிறான் என்று சொல்லியே டிக்கெட் கிழிக்காமல் காசை வாங்கிப் பையில் போட்டார்கள். எனக்குப் புரியாது என்று மட்டும் சொல்லாதே. வாங்குகிற விலையைச் சொன்னதற்காக ஒரு டாக்டரைத் தண்டிக்கிறீர்கள், அந்தத் தண்டனையைக் கட்டிலில் படுத்திருக்கிறவர்கள் அனுபவிக்கிறார்கள். இதில் புரிவதற்கு என்ன இருக்கிறது. நல்ல விலைக்கு விற்க வேண்டுமென்றால் விற்றுக்கொள்ளுங்கள், வியாபாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விலையை ஏன் ஒளிக்கிறீர்கள்?

இதுவரைக்கும் எழுதி நான் இரண்டு வாரத்துக்கு முன்பே அனுப்பியிருக்கலாம். கோபத்தில் எழுத வேண்டாம், ஆறட்டும் என்று உன் அம்மா தடுத்தாள். ஆறவில்லை. போன புதன்கிழமை, மார்ச் நாலாம் தேதி, செல்லமுத்து இறந்துபோனார். ஓடவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டு வீட்டில்தான் இருந்தார். மத்தியானம் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து குட்டிக்குத் தழை கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வால்வு வருவதற்கு இரண்டு நாள் பாக்கி. டாக்டரம்மாதான் எனக்குப் போன் செய்து சொன்னார்கள். "அந்த வியாழக்கிழமை செஞ்சிருந்தாலும் பொழைச்சிருப்பாருன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க ஐயா. ஆனா பொழைக்க ஒரு வழி இருந்துச்சு." பிறகு, "நான் எழுதிக் குடுத்திருக்கலாமோன்னு தோணுதுங்க. ஒரு வரிதானே" என்றார்கள். பால்ராஜ், இதைக் கேள். பணத்தைப் பார்க்காமல் பழைய மில்லில் உட்கார்ந்து உயிரைத் தைத்துக்கொண்டிருக்கிற ஒரு மனுஷி தன்மேல் குற்றமா என்று தூங்காமல் கிடக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட உங்களுக்கு அந்த ஆள் பெயர்கூடத் தெரியாது.

வியாழக்கிழமை அடக்கத்துக்கு ஆவுடையார்கோவில் போனேன். சனத்தோடு சனமாக நின்றுவிட்டுக் கிளம்பும்போது பொற்கொடி கூப்பிட்டனுப்பியது. பிள்ளைகள் இரண்டும் அதன் இரண்டு பக்கமும் இருந்தன. அழுது ஓய்ந்த குரலில், "அண்ணே, அன்னிக்கு லெட்டர் படிச்சீங்களே, அத எழுதினவரு யாருண்ணே? வெளிநாட்டுக்காரரா?" என்று கேட்டது. என்னால் இன்னொரு தடவை பொய் சொல்ல முடியவில்லை. "என் மகன்ம்மா" என்றேன். சுற்றி இருந்த பெண்கள் என் பக்கம் திரும்பினார்கள். அடிக்க வருவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று நினைத்தேன், வந்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "இவரு செத்தது அவுகளுக்குத் தெரியுமாண்ணே?" என்று கேட்டது. தெரியாதும்மா என்றேன். "சொல்லிருங்க" என்றது. அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேன்.

பொன்னுத்தாயிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் புல் கொண்டுவரவில்லை, மூன்றாம் நாள் வந்தாள், என்னிடம் பேசவில்லை, மாட்டிடம் பேசிக்கொண்டிருந்தாள். வனிதா இப்போது மெதுவாகத் தெருக்கோடி வரைக்கும் நடக்கிறாள். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்ன அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள், "ஈஸ்டர் பாஸ்காவுக்கு வந்தான்னா சோறு போடுவேன், எம்புள்ள பசியா இருக்கக் கூடாது. ஆனா பேச மாட்டேன்" என்று சொன்னாள். அவள் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். உன் வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை, குடும்பஸ்தன், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நிறுத்தின சரக்கை எந்த நிபந்தனையும் இல்லாமல் அனுப்பச் சொல்லி நீதான் எழுத வேண்டும். மேலே இருப்பவர்கள் முடியாது என்றால், முடியாது என்று அவர்கள் பெயரில் எழுதிக் கொடுக்கச் சொல், உன் பெயரில் எழுதாதே. அதற்காக உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றால் வா, இங்கே வீடு இருக்கிறது, மாடு இருக்கிறது, நானும் இருக்கிறேன், அந்த ஒரு காரியத்தில் உன்னோடு கடைசிவரை நிற்பேன். ஈஸ்டருக்கு ஏப்ரல் ஐந்துக்கு முன்னால் வருவதாகச் சொன்னாய். வரும்போது நேராக வீட்டுக்கு வராதே. திருச்சியில் இறங்கிக் கீரனூர் போய் டாக்டரம்மாவைப் பார், அப்புறம் ஆவுடையார்கோவிலுக்கு நானும் வருகிறேன், தனியாகப் போக உனக்குத் தைரியம் இருக்காது.

நெற்றியில் நான் சிலுவை வரைந்து அனுப்பிய பிள்ளை நீ. கோபத்தில் எழுதினாலும் அந்த ஆசீர்வாதத்தை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஷர்லிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு, அம்மாவின் அன்பு. ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியும் அதைச் செய்கிற முதுகெலும்பும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. இருதயநாதன்

மறந்துவிடாதே: கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் போட வேண்டாம், டாக்டரம்மாவுக்குப் போடு. பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை வால்வு ஆபரேஷனுக்கு இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் பெயர் நிலவழகன், இன்னொருவர் ஆரோக்கியம்மாள். பெயர் தெரியாது என்று இந்தத் தடவை நீ சொல்ல முடியாது.